இன்ஜின் மாற்றும் சுவர்

ஓட்டையை அடைக்கப் பெரியதம்பி காலையிலேயே வந்துவிட்டான். தோளில் பாதி மூட்டை சிமென்ட், கையில் இரும்புச் சட்டி, சட்டிக்குள் கரண்டி. பின்னறைக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றான். அறை முழுக்க மேசை, மேசை முழுக்கத் தண்டவாளம், மூலையில் கோணியும் சுண்ணாம்பும் போட்டு நான் எழுப்பியிருந்த செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலை.

"இன்னாண்ணே இது? பேரப்புள்ளைங்க வெளையாடறதா?"

"நான் வெளையாடறது."

அவன் என் தலைநரையைப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான். தண்டவாளம் மலையைச் சுற்றிக்கொண்டு போய்ச் சுவரில் இருந்த ஓட்டைக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் போகிறது.

"தௌசீஃப் தம்பி அனுப்புனாரு. மதியத்துக்குள்ள அடைச்சாவணுமாம். அந்த வீட்டுக்கு வாடகைக்கு ஆளு வருதாம்ல?"

"கலவை போடு. ஆனா சொல்ற வரைக்கும் செவுத்துல கைய வெக்காத" என்றேன்.

அது பொதுச்சுவர். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஜகபர் அலி. அவன் துபாயில் ஒரு ஜெர்மன்காரருக்குக் கார் ஓட்டியவன். அந்த மனிதர் ஊருக்குத் திரும்பும்போது சின்ன ரயில் நிறைந்த ஒரு டிரங்குப் பெட்டியை இவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். பாய் அதைப் பரண்மேல் போட்டுப் பல வருஷம் மறந்திருந்தான். செஞ்சிக்கு வந்து சும்மா உட்கார்ந்த பிறகு ஒருநாள் இறக்கிப் பலகைமேல் ஓட்டினான். எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. ரயில் பார்க்க வேண்டுமென்றால் திண்டிவனம் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் பக்கத்து வீட்டுக்காரன் பின்னறையில் பச்சை இன்ஜின் ஒன்று முன்விளக்கு எரியப் போகிறது என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? எனக்குப் பொறுக்கவில்லை.

"நீயும் ஒண்ணு வாங்கு, தனகோட்டி. ஆனா என்னுதே வாங்கு. அதே கம்பெனி. அப்பதான் ஒண்ணோட ஒண்ணு சேரும்" என்றான் பாய். அவன் சொன்னதும் எனக்குச் சந்தேகம் வந்தது. டிரங்குப் பெட்டியில் அவனுக்கு மிஞ்சிய தண்டவாளம் நிறையக் கிடந்தது. என் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று நினைத்தேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். லாரி ஓட்டி, பிறகு சொந்தமாக லாரி வைத்து, வல்லத்திலும் தளவானூரிலும் மல்லாட்டை மூட்டை ஏற்றிப் பிழைத்தவன். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். டயர் விற்றவன் முதல் தார்ப்பாய் தைத்தவன் வரை ஒவ்வொருத்தனும் என்னை ஏமாற்றப் பார்த்திருக்கிறான். "என்னுதே வாங்கு" என்று எவன் சொன்னாலும் அதை வாங்கக் கூடாது என்பதுதான் நான் படித்த படிப்பு. சென்னைக்குப் போய் சைனா செட் ஒன்று வாங்கிவந்தேன். நீல இன்ஜின்.

பின்னறையும் பின்னறையும் ஒட்டி இருந்ததால், நடுவில் ஓட்டை போட்டு இரண்டு ஊரையும் இணைத்துவிடலாம் என்றான் பாய். அந்த யோசனை எனக்கும் பிடித்தது. அவன் பக்கம் ராஜகிரி, என் பக்கம் கிருஷ்ணகிரி. இரண்டு பேருமாக உளி பிடித்து உடைத்தோம். பாய் வீட்டுக்காரி மெஹபூப் பீயும் என் வீட்டுக்காரி ரஞ்சிதமும் வாசலில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேர் புத்தியையும் எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். தண்டவாளத்தின் அகலம் இரண்டுக்கும் ஒன்றுதான், விரல் வைத்து அளந்து பார்த்தேன். அகலம் ஒன்றாக இருந்தால் வண்டி போகும் என்று லாரிக்காரன் புத்தி சொன்னது.

போகவில்லை. என் தண்டவாளத்தில் ஒரு கம்பி ப்ளஸ், மறு கம்பி மைனஸ். வண்டியின் இரண்டு சக்கரமும் கரண்ட் தொட்டுக்கொள்ளாமல் இருக்க அச்சு நடுவே பிளாஸ்டிக் வைத்திருப்பார்கள். பாயுடையது வேறு மாதிரி. அவன் தண்டவாளத்தின் நடுவில் கட்டைக்குக் கட்டை ஆணிக்கொண்டை போலப் பொட்டு இருக்கும். இன்ஜினின் வயிற்றிலிருந்து தொங்கும் ஒரு தகடு அந்தப் பொட்டுகளை நக்கிக்கொண்டே போகும். சக்கரமும் அச்சும் முழுக்க இரும்பு. என் நீல இன்ஜின் அவன் பக்கம் போனதும் சேற்றில் படுத்த எருமையாக நின்றது. அவனுடைய பச்சை இன்ஜின் என் பக்கம் வந்ததும் ப்ளஸ்ஸும் மைனஸும் கைகோத்துக்கொண்டன. என் கரண்ட் பெட்டி புகைந்தது.

"வேணும்னு பண்ண, பாய்" என்றேன்.

"யோவ், திருவிழாவுல வாங்குன பொம்மைக்கி எவ்ளோ திமிரு பாரு! அன்னைக்கே சொன்னேன், என்னுதே வாங்குன்னு."

"உன் பழைய இரும்ப என் தலையில கட்டத்தான சொன்ன?"

அவன் பச்சை இன்ஜினைத் தூக்கிக்கொண்டு தன் பக்கம் போனான். ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய துண்டைச் சுருட்டிச் செருகினான். நான் இந்தப் பக்கம் ஒன்றைச் செருகினேன்.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் பாய் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டான். ஆபரேஷன் ஆனது. மாடியேற முடியாது என்று அந்தப் பின்னறையிலேயே, ரயில் மேசையை ஒட்டிக் கட்டிலைப் போட்டார்கள். நான் போய்ப் பார்த்தேன். என்னைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். சரி, கோபம் என்று நினைத்தேன். ஆனால் எல்லாருக்கும் அப்படித்தான் திரும்பிக்கொள்கிறான் என்று மெஹபூப் பீ சொன்னது. கை கால் பழக்க வருகிற பையனுக்கும் அதே முதுகுதான். எழுந்து உட்காருவதில்லை, வாக்கரைத் தொடுவதில்லை, படுத்தபடியே கஞ்சி. "தூக்கி உக்கார வெக்க எனக்கு தெம்பில்லண்ணே. அவரு உக்கார மாட்டேன்றாரு, நான் இன்னா பண்ணுவேன்?" என்று என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அழுதது.

மகன் தௌசீஃப் சென்னையிலிருந்து வந்தான். அப்பாவையும் அம்மாவையும் தன் ஃப்ளாட்டுக்குக் கூட்டிப்போவதாக முடிவு செய்துவிட்டான். புரோக்கர் எவனோ காதில் ஓதியிருப்பான் என்று எனக்குத் தோன்றியது. முகத்துக்கு நேரே கேட்டேன்.

"வீட்ட விக்கத்தான இந்த டிராமா?"

அவன் கோபப்படவில்லை. பெற்றவனைவிட நல்ல குணம். "மாமா, அத்தா எழுந்து உக்காந்து நாலு அடி வெக்கட்டும். நான் ஏன் கூட்டிட்டு போறேன்? டாக்டரு இன்னா சொன்னாரு தெரியுமா? இப்பிடியே படுத்துட்டு இருந்தா இனிமே படுக்கதான்னுட்டாரு. அம்மாவால முடியல. நான் அங்க இருந்து ராவும் பகலும் போன பாத்துட்டே உக்காந்து இருக்கேன்."

அவன் சொன்னதில் பொய் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. நாலாவது மாடி, லிஃப்ட், ஜன்னலைத் திறந்தால் எதிர் ஜன்னல். பாய் அங்கே போனால் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருப்பான். இந்தப் பக்கம் திரும்பு என்று கத்த அங்கே ஆள் இருக்காது. என் பொய்யைப் பொய் என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்கிற ஆள் இந்தத் தெருவில் அவன் ஒருத்தன்தான். டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்து வறுத்த மல்லாட்டை தின்பான். பருப்பை மட்டும் தின்றுவிட்டுத் தோலின் இரண்டு பாதியையும் சேர்த்து மூடி, முழுசு போலவே பொட்டலத்தில் திருப்பிப் போட்டுவைப்பான். நான் எடுத்து உடைத்தால் உள்ளே காற்று இருக்கும். எத்தனை வருஷமாக ஏமாந்திருக்கிறேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் புத்தியே வந்ததில்லை.

நான் துண்டை உருவிவிட்டு ஓட்டையருகே உட்கார ஆரம்பித்தேன். அவன் பக்கத்துத் துண்டையும் யாரோ எடுத்திருந்தார்கள். இருமல் கேட்கும். மெஹபூப் பீ கெஞ்சுவது கேட்கும். அவனை எழுப்பி உட்கார வைக்கக்கூடியது ஒன்றுதான் இருக்கிறது. அது கட்டிலுக்கு ஒரு கை தூரத்தில் தூசி படிந்து கிடக்கிறது. படுத்துக்கொண்டு ரயில் ஓட்ட முடியாது. கரண்ட் பெட்டியின் திருகைப் பிடிக்க எழுந்துதான் ஆகவேண்டும். ஆனால் என் இன்ஜின் அங்கே ஓடாது, அவன் இன்ஜின் இங்கே வராது. இரண்டில் ஒருத்தன் தண்டவாளத்தைப் பிடுங்க வேண்டும். அவன் பிடுங்கும் நிலையில் இல்லை. நானும் பிடுங்குவதாக இல்லை. நான் தோற்று மாற்றிப் போட்ட தண்டவாளத்தில் ஓட்ட அவனும் எழுந்திருக்க மாட்டான், எனக்குத் தெரியும்.

ரஞ்சிதத்திடம் புலம்பினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "இன்ஜின் ஏன்யா செவுத்த தாண்டணும்?" என்றாள்.

"பின்ன?"

"ராமேஸ்வரம் போனமே, விழுப்புரத்துல இன்னா பண்ணான்? வந்த இன்ஜின கழட்டிட்டு வேற இன்ஜின மாட்டல? பொட்டி அதே பொட்டிதான. நீ கூட அத வாய பொளந்து பாத்துட்டு நின்ன, வண்டி கெளம்பிடுச்சின்னு நான் ஜன்னல்ல இருந்து கத்துனேன். டீ கிளாஸோட ஓடியாந்தியே, மறந்து பூட்டியா?"

மறக்கவில்லை. ஆனால் அவளுக்கு முன்னால் அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். "அதத்தான் நானும் நெனச்சிட்டு இருந்தேன்" என்றேன். "நெனப்ப, நெனப்ப" என்றாள்.

இன்ஜின் அவரவர் பக்கம் இருக்கட்டும், பெட்டி மட்டும் போய்வரட்டும். கேட்க சுலபம். அந்தப் பெட்டி இரண்டு பக்கத்துக்கும் ஒத்துப்போக வேண்டுமே. பாயின் பழைய தண்டவாளத் துண்டு ஒன்று, என்னுடையது ஒன்று, ஒரு டார்ச் பல்பு, செல், கொஞ்சம் ஒயர், எல்லாவற்றையும் மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறினேன். கடைக்காரர் கண்ணாடி போட்ட ஆள், வாயில் தேன்.

"எல்லாம் ஒரே அளவு சார். எந்த கம்பெனி எடுத்தாலும் எல்லாத்துக்கும் மேட்ச் ஆகும்."

"போன தடவ இதே வாய்தான் இதே மேட்ச்ச சொன்னுது. கரண்ட் பொட்டி பொகஞ்சிது."

"அது நீங்க எப்படி யூஸ் பண்ணீங்கன்னு..."

"ஒண்ணொண்ணா எடுத்து வைய்யி. நானே பாத்துக்கறேன்."

கண்ணாடி மேசைமேல் இரண்டு தண்டவாளத் துண்டையும் போட்டு ஒவ்வொரு பெட்டியாக ஏற்றினேன். ஒயரை இரண்டு சக்கரத்திலும் வைத்தால் பல்பு எரியக் கூடாது. எரிந்தால் அது முழு இரும்பு, என் பக்கம் ஆகாது. அப்படி இரண்டைத் தள்ளினேன். இன்னொரு பெட்டிக்குப் பல்பு எரியவில்லை, ஆனால் சக்கரத்தின் விளிம்பு ஆழம். என் தண்டவாளத்தின் கட்டைகளில் இடித்து மாட்டுவண்டி போலக் குதித்தது. லண்டன்காரன் பெட்டி அழகாக உருண்டது. அதைப் பக்கத்துப் பெட்டியோடு சேர்த்து வைத்தேன், ஒரு சுற்றுப் பெரிதாக நின்றது. ஓட்டையின் உயரத்துக்கு ஒரு குச்சி வெட்டிக் கொண்டுபோயிருந்தேன். குச்சிக்குமேல் கூரை நின்றது. தண்டவாளம் ஒரே அகலம்தான், ஆள்தான் அவனவன் நாட்டு வளர்த்தி. பிறகு கொக்கி. பாயின் இன்ஜினுக்கு வளையம். என்னுடையதற்கு விரலை மடக்கிய கை. இரண்டும் ஒன்றையொன்று பிடிக்காது, முட்டிக்கொள்ளத்தான் செய்யும்.

"சார், டீ சாப்பிடறீங்களா?" என்றார் கடைக்காரர், களைத்துப்போய்.

"சர்க்கரை இல்லாம."

கடைசியில் கூரை இல்லாத மூன்று சரக்குப் பெட்டி எடுத்தேன். மூன்றும் மூன்று கம்பெனி. சக்கரம் தனியாக ஒரு கம்பெனியில், பிளாஸ்டிக் வைத்தது, விளிம்பு குட்டையானது. கொக்கியும் தனியாக. வீட்டுக்கு வந்து மாற்றினேன். கண் சரியாகத் தெரியவில்லை, ஸ்குரு கீழே விழுந்து விழுந்து ரஞ்சிதம்தான் பொறுக்கினாள். சுவர்ப்பக்கம் போகிற பெட்டியின் முன்னால் பாயின் வளையம். என் இன்ஜினை ஒட்டி வருகிற பெட்டியின் பின்னால் என் மடக்கிய கை. நடுவே மூன்றையும் ஒரே மாதிரிக் கொக்கியால் பிணைத்தேன். சுவரின் கனத்தைவிட மூன்று பெட்டியும் சேர்ந்து நீளம். ஆகவே தலை அவன் வீட்டில் நீட்டிக்கொண்டிருக்கும்போது வால் என் வீட்டில் இருக்கும். எந்த இன்ஜினும் எல்லை தாண்ட வேண்டாம்.

இதெல்லாம் முடிந்த மறுநாள்தான் பெரியதம்பி சட்டியோடு வந்து நிற்கிறான். மதியத் தொழுகை முடிந்து வேன் வருகிறது என்று தெருவுக்கே தெரியும்.

அவன் தண்ணீர் ஊற்றிக் கலவை போட ஆரம்பித்தான். நான் வறுத்த மல்லாட்டையை மூன்று பெட்டியிலும் குவித்தேன். திருகைத் திருப்பினேன். நீல இன்ஜின் முனகிக்கொண்டு கிருஷ்ணகிரியைச் சுற்றிவந்து பெட்டிகளை ஓட்டைக்குள் தள்ளியது. முதல் பெட்டி இருட்டுக்குள் போனது, இரண்டாவதும் போனது. மூன்றாவதன் வால் மட்டும் வெளியே தெரியும்போது நிறுத்தினேன். தீக்குச்சியால் கொக்கியை நீக்கி இன்ஜினைப் பின்னால் எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஓட்டையருகே குனிந்து கத்தினேன். "பாய்!"

ஓட்டையில் காதை வைத்தேன். இருமல் மட்டும் கேட்டது.

"மெஹபூப் பீ! அவன் கரண்ட் பொட்டி சுவிட்ச போடும்மா!"

"போட்டுட்டேன்ணே" என்றது அந்தப் பக்கக் குரல். "அவரு அந்தாண்ட திரும்பி படுத்துட்டு இருக்காரு."

"திரும்பிக்கிட்டே கேக்கட்டும். யோவ் பாய்! என் திருவிழா பொம்மை உன் வாசல்ல சரக்கு கொண்டாந்து நிறுத்தி இருக்குது. எடுத்துட்டு போவ உன் ஜெர்மன் இன்ஜின்ல ஆள் இல்லியா? துருப்புடிச்சி செத்து போச்சா? சொல்லிடு, நான் வந்து தள்ளி உடறேன்!"

பெரியதம்பி கலவை பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "நீ உன் வேலைய பாரு" என்றேன். அந்தப் பக்கம் ஏதோ பேசிக்கொண்டார்கள், தௌசீஃப் குரல்போல இருந்தது. ஃபேன் சத்தத்தில் விளங்கவில்லை. நான் பெட்டியின் வாலைப் பார்த்தபடி குந்தியிருந்தேன். முட்டி வலித்தது. வாசலில் ரஞ்சிதம் வந்து நின்றாள்.

உர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். பழைய பச்சை இன்ஜின், எண்ணெய் போடாமல் கிடந்த சத்தம். நெருங்கி வந்தது. டிக் என்று வளையம் மாட்டியது. வால் ஒரு குலுங்கு குலுங்கி, இருட்டுக்குள் போய்விட்டது.

"போச்சுண்ணே!" என்றான் பெரியதம்பி.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஓட்டியது யார்? பையன் நல்லவன், மாமன் மனசு நோகக் கூடாது என்று அவனே திருகைத் திருப்பியிருப்பான். ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு, "பாத்தீங்களா மாமா, சந்தோஷமா?" என்று கேட்டுவிட்டு வேனில் ஏற்றிவிடுவான். நம்பக் கூடாது. ஓட்டைக்குள் ஒரு கண் வைத்துப் பார்த்தேன். மேசை விளிம்பும் ராஜகிரியின் கொஞ்சமும்தான் தெரிந்தது, கட்டில் தெரியவில்லை.

நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. பெரியதம்பி கரண்டியால் கலவையை ஒருதரம் புரட்டினான். "அண்ணே, இதுக்கு மேல வெச்சா இறுகிடும்."

"இரு."

மறுபடி அந்த உர் சத்தம். இருட்டுக்குள்ளிருந்து மூன்றாவது பெட்டியின் வால் வந்தது, அதன் பின்னால் இரண்டாவதன் பாதி. யாரோ பின்னாலிருந்து தள்ளி நிறுத்தியிருந்தார்கள். அதுவும் சரியாக, என் இன்ஜின் மாட்டுவதற்கு இடம் விட்டு. நீல இன்ஜினைக் கொண்டுபோய் மாட்டி மெதுவாக இழுத்தேன். அந்தப் பக்கம் கொக்கி கழன்று வந்தது. மூன்று பெட்டியும் வெளிச்சத்துக்கு வந்தன.

மூன்றிலும் மல்லாட்டை குவித்தது குவித்தபடி இருந்தது.

தொடக்கூட இல்லை. யாரோ ஓட்டி யாரோ திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ரஞ்சிதம் என் தோளைத் தொட்டாள். "உடுய்யா" என்றாள். பெரியதம்பி கரண்டியைக் கையில் எடுத்தான்.

சும்மா கை போன போக்கில் முதல் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தேன். கனமே இல்லை. அழுத்தினேன். இரண்டு பாதியாகப் பிரிந்தது, உள்ளே காற்று. இன்னொன்றை எடுத்தேன், காற்று. இரண்டாவது பெட்டி, மூன்றாவது பெட்டி. ஒவ்வொன்றையும் பக்குவமாக உடைத்துப் பருப்பைத் தின்றுவிட்டு, தோலோடு தோல் பொருத்தி மூடி அடுக்கியிருந்தான். இந்த வேலைக்கு இரண்டு கையும் வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்த ஆளால்தான் முடியும்.

"திருட்டுப்பய" என்றேன். குரல் எப்படி வந்ததோ, ரஞ்சிதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஓட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, உடம்பில் தெம்பில்லாத, ஆனால் எகத்தாளம் குறையாத குரல் வந்தது. "இன்னாய்யா சரக்கு இது? எல்லாம் பொக்கு! லாரிக்காரன் புத்திய காட்டிட்ட பாத்தியா!"

"மாமா..." என்று தௌசீஃப் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். "நீ இருடா, லோடு வருது" என்றது அந்தக் குரல்.

நான் தோல்களைத் தரையில் கொட்டிவிட்டுப் பையில் கைவிட்டேன். தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. வேனா, பால்காரனா தெரியவில்லை. இருட்டுக்குள் பச்சை இன்ஜினின் முன்விளக்கு சுவர் வரைக்கும் வந்து நின்று, எரிந்துகொண்டே இருந்தது. பெட்டிகளை நிரப்பித் திருகைத் திருப்பினேன்.

"அண்ணே, கலவை" என்றான் பெரியதம்பி. கரண்டியைச் சட்டியில் செருகிவிட்டுக் கையை எடுத்தான். அது சாயாமல் அப்படியே நின்றது.